விளக்கை அணைத்தால் தெரியும் சுரப்பி

தைராய்டு ஆபரேஷனுக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி குரலைப் பற்றியதாகத்தான் இருக்கும். "சிஸ்டர், பேச்சு போயிடுமா?" கோவிலில் தேவாரம் பாடுகிறவர்களாக இருந்தால் அதையே மூன்று விதமாகக் கேட்பார்கள். அடுத்தது தழும்பு. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஆன்ட்டிகளிடம் கூடுதலாக ஒன்றும் வரும்: புரட்டாசி முடிந்து வைத்துக்கொள்ளலாமா, தைப்பூசக் காவடிக்குள் ஆறிவிடுமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். கால்சியத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் தைராய்டை முழுசாக எடுத்தபின் வார்டில் நாங்கள் பார்க்கும் தொல்லைகளில் குரலைவிட கால்சியம்தான் அதிகம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் நர்சிங் படித்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டர். சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நிற்பவள் என்பதால் கழுத்துக்குள் நடப்பதை நன்றாகவே பார்க்கலாம்; முடிவெடுக்கும் பாரம் மட்டும் என்னுடையது இல்லை. கால்சியத்தைக் காக்கும் சுரப்பிகளை ஒளியால் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு காமிராவைப் பற்றி, அந்த வசதியான இடத்திலிருந்து எழுதுவதுதான் இது.

தைராய்டின் பின்பக்கத்தில், ஒட்டியும் ஒட்டாமலும், பாராதைராய்டு என்று நான்கு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவு, எடை 30 முதல் 50 மில்லிகிராம். சிலருக்கு மூன்று இருக்கும், சிலருக்கு ஐந்து. பெயரில்தான் தைராய்டு, வேலையில் சம்பந்தமே கிடையாது. இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பிடித்து நிறுத்தும் பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரப்பது இவைதான். அந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும். சுரப்பி நின்றால் அன்றே ஹார்மோன் காலி. ஓரிரு நாளில் கால்சியமும் சரியத் தொடங்கும்.

இத்தனை முக்கியமான ஒன்றைப் பார்த்து ஒதுக்கிவைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். பிரச்சினையே பார்ப்பதில்தான். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். சுற்றியுள்ள கொழுப்பும் ஏறத்தாழ அதே நிறம். சின்ன நிணநீர்க் கட்டியும், தைராய்டிலிருந்து பிதுங்கி நிற்கும் சிறு முண்டும் அசப்பில் இதேபோல இருக்கும். கொஞ்சம் இரத்தம் கசிந்து பரவிவிட்டால் எல்லாமே ஒரே நிறம். போதாததற்கு, கீழ் ஜோடி சுரப்பிகள் கருவிலேயே, நெஞ்சுக்குள் போய்ச் சேரும் தைமஸ் என்ற சுரப்பியோடு சேர்ந்து கழுத்து வழியாக இறங்கி வருபவை. வருகிற வழியில் எங்கே வேண்டுமானாலும் தங்கிவிடும். தாடைக்குக் கீழேயும் இருக்கலாம், நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் இருக்கலாம்.

மனித உடலில் இவற்றைத் தெளிவாக விவரித்தவர் ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல். அதற்கு முன்பே லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-இல் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் இதைக் கண்டு குறித்து வைத்திருந்தார். அவ்வளவு பெரிய மிருகத்திடம் முதலில் சிக்கியதில் ஆச்சரியமில்லை. சாண்ட்ஸ்ட்ரோமின் கட்டுரையை அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன் தைராய்டு எடுத்த நோயாளிகள் சிலர் கைகால் இழுத்துக்கொண்டு துடித்ததற்குக் காரணம் புரியவே பல வருஷங்கள் ஆயின. கால்சியம்தான் விஷயம் என்று மக்காலம், ஃபோக்ட்லின் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது 1909-இல். தைராய்டு அறுவைக்காக ஸ்விஸ் சர்ஜன் தியோடர் கோஹருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருஷம்தான்.

சரி, ஒளிக்கு வருவோம்.

அமெரிக்காவின் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அனிதா மகாதேவன்-ஜான்சன் என்ற பேராசிரியர் இருக்கிறார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். திசுக்களின் மேல் ஒளியைப் பாய்ச்சி நோயைக் கண்டுபிடிப்பது அவருடைய துறை. அவருடைய ஆய்வுக்கூடமும் அங்குள்ள சர்ஜன்களும் சேர்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள 785 நானோமீட்டர் ஒளியைக் கழுத்துக்குள் பாய்ச்சினால், பாராதைராய்டு அதை வாங்கிக்கொண்டு 820 நானோமீட்டர் சுற்றுவட்டத்தில் தன் ஒளியைத் திருப்பித் தருகிறது. தைராய்டும் ஒளிர்கிறது, ஆனால் பாராதைராய்டு அதைவிடப் பல மடங்கு. சாயம் வேண்டாம், ஊசி வேண்டாம், நோயாளிக்கு எதுவும் செலுத்த வேண்டாம். சுரப்பி தானாகவே ஒளிர்கிறது. எந்த மூலக்கூறு இப்படி ஒளிர்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. கால்சியத்தை உணரும் ஏற்பியாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. காரணம் தெரியாமலே பயன்படும் எத்தனையோ மருந்துகள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன, ஆகவே எனக்கு இது பெரிய உறுத்தலாக இல்லை.

2018 நவம்பரில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காக இரண்டு கருவிகளை ஒரே சமயத்தில் அனுமதித்தது. ஒன்று ஃப்ளூவோபீம், பிரான்சில் உருவான காமிரா. கழுத்துக்கு மேலே பிடித்தால் முழுக் காட்சியும் திரையில் வரும். மற்றது பி.டி.ஐ., வாண்டர்பில்ட் ஆய்வின் வழியாக வந்த பேனா போன்ற முனை. திசுவைத் தொட்டால் பாராதைராய்டா இல்லையா என்று எண்ணாலும் ஒலியாலும் சொல்லும். இரண்டும் சர்ஜனின் கண்ணுக்குத் துணை, மாற்று அல்ல என்பதை அனுமதிக்கும்போதே எஃப்.டி.ஏ. சொல்லிவிட்டது.

எங்கள் தியேட்டருக்கு இப்படியொரு காமிராவை டெமோவுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் வேலை தலைக்கு மேல் உள்ள பெரிய விளக்குகளைத் திருப்பி அணைப்பது. அந்த விளக்கிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால் திரை வெளுத்துவிடும். விளக்கை அணைத்து வேலை செய்ய இந்த நாட்டில் யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டின் அட்டவணையைப் பார்த்துச் சாதம் வடித்தவர்கள் நாங்கள். காமிராவுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, கழுத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தார் சர்ஜன். திரையில் எல்லாம் கறுப்பு வெள்ளை. கொழுப்பு இருட்டு, தசை இருட்டு, தைராய்டு மங்கலான சாம்பல். இடது மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. விளக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் எனக்குக் கொழுப்புதான் தெரிந்தது. பல வருஷம் கழுத்து பார்த்த சர்ஜனுக்கும் உடனே தெரியவில்லை. மேலிருந்த மெல்லிய திசு உறையைச் சற்று விலக்கிய பிறகுதான் பழுப்பாகத் தலைகாட்டியது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அப்புறம் நடந்தது. வெட்டியெடுத்த தைராய்டு என் டிராலிக்கு வரும். வழக்கமாக நாங்கள் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பருப்பு மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் தேடிவிட்டு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டப்பாவில் போடுவோம். ஃபார்மலினில் விழுந்தால் அது நோய்க்கூறியல் துறையின் சொத்து, உடம்புக்குத் திரும்பாது. அன்று சர்ஜன் காமிராவை என் டிராலிப் பக்கம் திருப்பினார். வலது மடலின் கீழ்ப்பகுதியில் ஒரு வெள்ளைக் கோடு. காஸ் துணிமீது வைத்து நுனிக் கத்தரியால் பிரித்ததில் தட்டையான ஒரு பாராதைராய்டு தனியாக வந்தது. ஓரத்திலிருந்து ஒரு சீவல் வெட்டி, அதுதானா என்று உறுதிப்படுத்த, உடனே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்பினோம். மீதியைக் குளிர்ந்த சலைனில் வைத்திருந்து, பதில் வந்ததும் ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கழுத்துத் தசையில் சின்னப் பை செய்து அதற்குள் நட்டார்கள். அந்தத் துண்டுகள் புது இரத்தக் குழாய் பிடித்து வேலைக்கு வர சில வாரங்கள் ஆகும். காமிரா இல்லாவிட்டால் அது டப்பாவுக்குத்தான் போயிருக்கும். நோய்க்கூறியல் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பாராதைராய்டு திசு காணப்பட்டது' என்று ஒரு வரி வந்திருக்கும், அவ்வளவுதான்.

வெட்டியெடுத்துக் கிண்ணத்தில் கிடக்கும் சுரப்பி எப்படி ஒளிர்கிறது என்று நீங்கள் கேட்டால், விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டீர்கள். இந்தத் தன்னொளிர்வுக்கு இரத்த ஓட்டம் தேவையில்லை. உயிருள்ள சுரப்பியும் ஒளிரும், இரத்தக் குழாய் அறுந்த சுரப்பியும் ஒளிரும், ஃபார்மலினில் ஊறியதும் ஒளிரும். ஆகவே 'எங்கே இருக்கிறது' என்று காமிரா சொல்லும். 'பிழைக்குமா' என்று சொல்லாது. பாராதைராய்டுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் முடி கனம்தான், பெரும்பாலும் கீழ்த் தைராய்டுத் தமனியிலிருந்து கிளைத்து வருவது. நான்கு சுரப்பிகளையும் இடத்திலேயே விட்டுவிட்டு, நான்கின் குழாய்களையும் சுருக்கிவிட முடியும். திரையில் நான்கு வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று தெரியும். மறுநாள் காலை பி.டி.எச். தரையில் கிடக்கும்.

அதற்குத்தான் இண்டோசயனைன் கிரீன், நாங்கள் சொல்வது ஐ.சி.ஜி. இது புதுச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் 1959 முதல் புழக்கத்தில் இருக்கும் சாயம். 25 மில்லிகிராம் பொடி, கூடவே தண்ணீர், கலந்தால் கரும்பச்சை. மயக்க மருந்து டாக்டர் அதில் சில மில்லி நரம்பில் ஏற்றுவார். ஓரிரு நிமிடத்தில் இரத்தம் ஓடுகிற இடமெல்லாம் திரையில் ஒளிரும். சுரப்பியும் ஒளிர்ந்தால் இரத்தம் வருகிறது என்று பொருள். இருட்டாகவே இருந்தால் அதை எடுத்து நறுக்கித் தசையில் நடுவதைப் பற்றி யோசிக்கலாம். ஜெனீவாவில் ஃப்ரெடெரிக் ட்ரிப்போனெஸ் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக ஒளிரும் சுரப்பி ஒன்றாவது இருந்தவர்கள் எவருக்கும் மறுநாள் பி.டி.எச். விழவில்லை. ஒன்றே ஒன்று போதும் என்பது எனக்கு மிகுந்த ஆறுதலான செய்தி.

இதில் வரிசை முக்கியம். ஐ.சி.ஜி. ஏற்றிவிட்டால் தைராய்டும் சேர்ந்து பிரகாசமாக எரியும். சுரப்பியின் சொந்த ஒளி அதில் மூழ்கிவிடும். ஆகவே முதலில் சாயமில்லாமல் தேடு, பிறகு சாயத்தோடு சோதி. சாயத்தில் அயோடைடு கலந்திருப்பதால் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று: பித்தப்பைக்கும் குடலுக்கும் என்று டர்பன் தனியார் தியேட்டர்களில் வாங்கிப் போட்டிருக்கும் ஐ.சி.ஜி. காமிரா எல்லாம் இந்தத் தன்னொளிர்வைப் பிடித்துவிடாது. சாயத்தின் ஒளியோடு ஒப்பிட்டால் இது மிக மங்கல். 'எங்களிடம் ஃப்ளோரசன்ஸ் (ஒளிர்வு காட்டும் காமிரா) இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்த ஃப்ளோரசன்ஸ் என்று கேட்பது நல்லது.

காமிரா ஏமாற்றவும் செய்யும். பழுப்புக் கொழுப்பும் சில தைராய்டு முண்டுகளும் பொய்யாக ஒளிரும். ஒளி உள்ளே போவதே சில மில்லிமீட்டர்தான். கொழுப்புக்கோ இரத்தக்கட்டிக்கோ அடியில் இருக்கும் சுரப்பி திரையில் வராது. திரை இருட்டாக இருக்கிறது என்று நம்பிக் கத்தி வைத்தால் போச்சு.

இனி எண்கள். பிரான்சில் பல மருத்துவமனைகளில் 241 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனை 2020-இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் கால்சியம் இறங்கியவர்கள் காமிரா இல்லாத பிரிவில் 21.7 சதவீதம், காமிரா இருந்த பிரிவில் 9.1. தெரியாமல் வெட்டியெடுக்கப்பட்ட சுரப்பிகள் 11.7 சதவீத நோயாளிகளிலிருந்து 2.5-க்கு இறங்கின. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வித்தியாசம். ஆனால் இது தற்காலிகமான இறக்கம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் சுரப்பி விழித்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க மாத்திரையோடு தள்ளும் நிரந்தரக் குறைபாடு பழகிய கைகளில் 1 முதல் 3 சதவீதம் வரைதான். அந்தச் சின்ன எண் காமிராவால் இன்னும் குறைகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. டெமோவுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதியிடம் எங்கள் சர்ஜன் இதைத்தான் கேட்டார். அவர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, காபி குடிக்கலாமா என்றார்.

அந்தச் சின்ன சதவீதத்துக்குள் விழுந்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் கணவரின் அக்கா, டர்பனின் மெரிபேங்கில் இருப்பவர். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே, வேறொரு ஊரில், காமிரா எதுவும் இல்லாத காலத்தில் அவருக்கு முழுத் தைராய்டையும் எடுத்தார்கள். கழுத்தில் தேங்காய் அளவு கட்டி. எடுக்காமல் விட்டிருக்க முடியாது. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்ததாம், பிறகு விரல் நுனிகள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையின் காஸுவல்ட்டியில், பயத்தில் மூச்சு வேகமாக வாங்குகிறார், பதற்றம்தான் என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மணிக்கட்டு உள்ளே மடங்கி, விரல்கள் ஒன்றுசேர்ந்து நீண்டு, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் நின்றது. "நிமிர்த்தப் பாக்குறேன், கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று அக்கா இப்போதும் அந்தக் கையைச் செய்து காட்டுவார். புத்தகத்தில் ட்ரூசோ அறிகுறி என்று படம் போட்டிருப்பார்களே, அதேதான். ஈ.சி.ஜி. மாட்டி, கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக நரம்பில் ஏற்றியதும் கை பிரிந்தது.

அக்காவின் சமையலறை மேசையில் மாத்திரை டப்பா நிரந்தரம். காலையில் வெறும் வயிற்றில், தைராய்டுக்கு ஈடாகத் தைராக்சின். கால்சியம் கார்பனேட் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி, அதுவும் சாப்பாட்டோடு. இல்லாவிட்டால் இரண்டும் வயிற்றில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கூடவே அல்ஃபாகால்சிடால் என்ற வைட்டமின் டி வகை மாத்திரை, ஏனென்றால் பி.டி.எச். இல்லாமல் சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றாது. அளவு கூடினால் சிறுநீரகத்தில் கல், குறைந்தால் உதட்டில் எறும்பு. விரத நாளில் சாப்பாட்டை விட்டால் கால்சியமும் விட்டுப்போகும். இதை அவருக்குப் புரியவைக்க ஒரு புரட்டாசி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். "சாமிக்குத் தெரியும்" என்பார். சாமிக்குத் தெரியும், உன் சிறுகுடலுக்குத் தெரியாதே அக்கா என்பேன்.

அன்று காமிரா இருந்திருந்தால் என்று அவர் கேட்டதுண்டு. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்பதற்கு மேல் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு பெரிய கட்டியில் சுரப்பிகள் அதன்மேல் அப்பளமாகப் பரந்து கிடக்கும். கண்டுபிடித்தாலும் குழாயோடு பிரித்தெடுப்பது கைவேலை.

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள், பெரிய கட்டிகள் வருவதும் பெரும்பாலும் அங்கேதான். விலையுயர்ந்த காமிரா முதலில் வந்து சேர்வதோ சின்ன முண்டோடு வருகிறவர்கள் படுக்கும் தனியார் தியேட்டருக்கு. என்னிடம் பணத்தைக் கொடுத்து இந்த ஊருக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், முதலில் அறுவைக்கு மறுநாள் காலை எல்லோருக்கும் பி.டி.எச். பரிசோதனை, ராத்திரியில் போனை எடுக்க ஓர் ஆள், மிச்சமிருந்தால் காமிரா. கழுத்து அறுவை கற்றுக்கொள்ளும் இளம் டாக்டர்கள் இருக்கும் இடத்தில் காமிராவை முன்னே தள்ளுவேன். திரையில் பார்த்துவிட்டு உடனே கண்ணால் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்து, கொழுப்புக்கும் சுரப்பிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் பழகுவதை நேரில் கண்டேன். அந்தப் பழக்கம் காமிரா இல்லாத மருத்துவமனைக்கும் அவர்களோடு கூடவே போகும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள் சர்ஜனிடம் கேட்பதற்கு: வருஷத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் ஒரு வருஷத்துக்குப் பிறகும் கால்சியம் மாத்திரையில் இருக்கிறார்கள், எனக்கு உண்மையிலேயே முழுத் தைராய்டும் போக வேண்டுமா, பாதி போதாதா. பாதி மட்டும் எடுத்தால் மறுபக்கச் சுரப்பிகளை யாரும் தொடப்போவதில்லை. காமிராவைப் பற்றி இதற்கெல்லாம் பிறகு கேளுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். வெயில் கொட்டுகிற டர்பனிலும் நம் வீட்டுப் பெண்களுக்கு அது குறைவாக இருப்பதைப் பார்க்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு உதட்டிலோ விரல் நுனியிலோ ஊறல் எடுத்தால் விடியட்டும் என்று படுத்திருக்க வேண்டாம். கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்தபடி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். காஸுவல்ட்டி மேசையில் உட்கார்ந்ததும் வேறு கதை எதுவும் சொல்வதற்கு முன்னால், "தைராய்டை எடுத்திருக்கிறார்கள், கால்சியம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். துணைக்கு வருகிறவரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் வாய் சரியாக ஒத்துழைக்காமல் போகலாம். டிஸ்சார்ஜ் காகிதத்தை அலமாரியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.